பூட்டிய வீட்டுக்குள் ஒருவர்

நாகல் நகரில் ஒரு தோல் மண்டியில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த பின்னர், படுத்த படுக்கையாகக் கிடப்போரை வீடு தேடிச் சென்று பார்க்கும் சிறு குழுவொன்றில் சேர்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவனல்லன். ஓய்வு பெற்ற செவிலியரான ஓர் அம்மையார் புண்களுக்கு மருந்திட்டுக் கட்டுவார். பையைச் சுமப்பதும் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பு.

சில மாதங்களுக்கு முன்பு, இப்பணி முழுவதையும் புதிய திட்டமொன்றின் கீழ் அரசே ஏற்கும் என அறிவித்தார்கள். குழுவில் சிலர் முணுமுணுத்தனர். நான் மகிழ்ந்தேன். ஊதியம் பெறும் செவிலியர், வண்டி, தடையற்ற மருந்து ஆகிய மூன்றும் எங்களிடம் என்றும் இருந்ததில்லை. பெயர், வயது, நோய், மருந்து எனக் கட்டம் கட்டமாகப் பட்டியல் எழுதி அனுப்பினேன். ஒப்படைப்புக் கையெழுத்து மட்டும் பின்னர் என்றார்கள். அன்றிலிருந்து நாங்கள் வீடுகளுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டோம்.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் பூமாலை கட்டச் சொல்வதற்காக ஒருநாள் நிலக்கோட்டை சென்றேன். அருகிலுள்ள ஊரில் எங்கள் பட்டியலைச் சேர்ந்த ஓர் அம்மாள் இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வற்றவர்; சிறுநீர்க் குழாயை மாதந்தோறும் மாற்றியாக வேண்டும். நலம் விசாரித்துப் போகலாம் என்று நுழைந்தேன். காய்ச்சலில் அவர் உடல் கொதித்துக்கொண்டிருந்தது.

“வாங்க பாய். வழி மறந்துபோச்சோன்னு நெனச்சேன்” என்றார்.

“கவர்மெண்டு நர்சம்மா வரலியா?”

“கதவத் தட்டுன சத்தம் கேட்டுச்சு. உள்ளதான் இருக்கேன் தாயின்னு கத்துனேன். என் தொண்டை தெருவுக்கா கேக்கப் போகுது?” என்றவர், அந்நிலையிலும், சந்தையிலிருந்து திரும்பி அருகில் நின்ற மகனைச் சுட்டிச் சிரித்தார். “எந்திரிக்கவே ஏலாதவளுக்கு இம்புட்டுப் பெரிய பூட்டு எதுக்குன்னு இவனக் கேளுங்க பாய். எவனோடயும் ஓடியா போயிருவேன்?”

“நாய் உள்ள பூந்துருதே பாய். பூட்டாம எப்பிடிப் போறது?” என்றான் மகன்.

எனக்குச் சுருக்கென்றது. பூ விளையும் அந்த ஊரில் மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். இருள் பிரியுமுன்பே ஊரே தோட்டத்துக்குப் போய்விடும். பறித்ததைச் சந்தையில் சேர்த்துவிட்டு மகன் வீடு திரும்ப நண்பகல் ஆகும். அதனால் நாங்கள் எப்போதும் பன்னிரண்டு மணிக்குப் பின்னரே சென்றோம். குழுவில் அனைவரும் அறிந்த செய்தி என்பதால் அதை நான் எழுதவேயில்லை. பிழை என்னுடையது.

உடனே எங்கள் செவிலியர் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆட்டோ பிடித்து வந்து குழாயை மாற்றினார். “இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா தாங்கியிருக்க மாட்டாங்க பாய்” என்று வாசலில் என்னிடம் மெல்லச் சொன்னார்.

திங்களன்று ஒப்படைப்புக் கையெழுத்துக்கு அழைத்திருந்தார்கள். அதிகாரி இளம்பெண், பண்புடையவர். அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டேன். கணினியைப் பார்த்துச் சொன்னார்: “மூணு தடவ போயிருக்காங்க ஐயா. காலைல ஒம்பது மணிக்கு. மூணு தடவையும் வீடு பூட்டியிருக்கு. ஊர்ல இல்லைன்னு பேர் தானா நீங்கிருச்சு.”

“அந்தம்மா உள்ளதாம்மா இருந்தாங்க. பேரத் திரும்பச் சேருங்க.”

“அது மேலிடத்துல கேக்கணும். நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்.”

“பேர் ஏறட்டும், போடுறேன்.”

“அப்ப செத்த நேரம் வெளிய உக்காருங்க ஐயா.”

“இங்கயே உக்காந்துக்கிறேன்மா. வெளிய போனா நானும் ஊர்ல இல்லைன்னு பதிஞ்சிருவீங்க.”

அறையில் இருந்தோர் சிரித்துவிட்டனர். அவரும் சிரித்தார், ஆயினும் தொலைபேசியை எடுத்தார். ஒருவர் மாற்றி ஒருவராக நால்வரிடம் பேசினார். உணவு வேளையும் கடந்தது, நான் எழவில்லை. இறுதியில் பெயர் ஏறியது. நேரத்தைக் குறிக்கக் கணினியில் இடமில்லை என்றார். தாளிலாவது எழுதுங்கள் என்றேன். பட்டியலின் ஓரத்தில் தம் கையாலேயே ஒரு கோடு இழுத்து, ‘பகல் பன்னிரண்டுக்குப் பின்’ என்று எழுதினார். அந்தப் பெயருக்கு நேராக மட்டும் கையெழுத்திட்டேன்.

“மத்தவங்களுக்கு?”

“ஒவ்வொரு வீடாப் போயி, எப்ப வந்தா கதவு தெறந்திருக்கும்னு கேட்டு எழுதிட்டு வாரேன்.”

“ஒரு வாரத்துல முடிச்சிருவீங்களா?”

“முடிச்சாத்தாம்மா கையெழுத்து.”

வியாழனன்று பன்னிரண்டரைக்குப் புதிய செவிலியர் வந்ததாக மகன் தொலைபேசியில் தெரிவித்தான். பின்னணியில் அவன் தாயின் குரல், அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுக்கச் சொல்லி அவனை விரட்டிக்கொண்டிருந்தது. அப்போது நான் கொடைரோட்டில் இருந்தேன். பக்கவாதத்தில் கிடந்த கணவரின் தலைமாட்டில் அமர்ந்து ஓர் அம்மாள், மில்லில் தமக்கு எந்த வாரம் பகல் வேலை, எந்த வாரம் இரவு வேலை என்று விரல்விட்டுச் சொன்னார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.