கத்துகிறவர்கள் உட்காரலாம்

பெயரைக் கேட்பதற்கு முன்பே, "என்ன தடவுனீங்க?" என்று கேட்டுவிடுவார் சிஸ்டர். தீக்காயப் பிரிவில் கட்டுப் போடும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பத்தொன்பது வருடங்களாக அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வெண்ணெய், மாவு, பேனா மை என்று எந்தப் பதில் வந்தாலும் பெருமூச்சோடு விட்டுவிடுவார். பற்பசை என்றால் மட்டும் பொறுமை போய்விடும். "பல்லா முளைச்சிருக்கு அங்க?" என்பார்.

யாரை முதலில் உள்ளே விடுவது என்று முடிவு செய்பவரும் அவரே. கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதைக் கொடுப்பார். தோல் சிவந்து எரிகிற முதல் டிகிரிக்காரர்கள் ஊரைக் கூட்டுவார்கள். கொப்புளம் போட்ட இரண்டாம் டிகிரிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவார்கள். மூன்றாவதுதான் பொல்லாதது. தோல் வெளுத்தோ கருகியோ தடித்திருக்கும். நரம்பும் சேர்ந்து வெந்துபோனதால் அந்த இடத்தில் வலியே தெரியாது. "கத்துறவங்க உக்காருங்க. சும்மா இருக்கறவரை மொதல்ல அனுப்புங்க," என்று உள்ளிருந்து குரல் வரும்.

வீட்டில் அவர் கணவர் முதல் ரகம். விரலில் ஒரு சொட்டுத் தேநீர் தெறித்தால் மாடிவீட்டுக்காரர் இறங்கி வருவார். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், குழாயைத் திறந்து இருபது நிமிடம் விரலைக் காட்டச் சொல்வார். இருபது நிமிடமும் மனிதர் கத்திக்கொண்டே காட்டுவார்.

போன வாரம் சிஸ்டர் வேலை முடிந்து வந்தபோது இஸ்திரிப் பெட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. கணவர் நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. வலிக்கிறதா என்று சிஸ்டர் கேட்டார்.

"சேச்சே, ஒண்ணுமே இல்லம்மா."

ஆயிரம் பேருக்குக் கை நடுங்காமல் கட்டுப் போட்டவர், தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றத் தடுமாறினார். பழக்கதோஷத்தில் அதை ஸ்பிரிட்டில் துடைத்து, வலி தெரிகிறதா என்று பார்க்க முனையை அந்த வெள்ளையில் வைத்து அழுத்தினார்.

கணவர் போட்ட அலறலில் மாடிவீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தார். காய்ந்த வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் செக்கச்சிவந்த தோல் தெரிந்தது. அறை முழுக்கப் பற்பசை வாசனை.

"நீ திட்டுவேன்னுதான் வாயத் தொறக்கல," என்று முனகினார் அவர்.

சிஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, ஊக்கால் இன்னொரு குத்து குத்திவிட்டு, அவர் அலறுவதைக் காதைச் சாய்த்துக் கேட்டார்.