அக்கா கேட்ட உத்தரவு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்கள் ஆறுதலான சொற்களை எதிர்பார்ப்பீர்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு அருவருப்புத்தான் முந்துகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அம்மாவை இழந்தார். எங்கள் நால்வருக்கும் சமைத்துப் போட்டபடியே படித்து, கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் சங்கீத ஆசிரியை ஆனார்.

ஆண்டுதோறும் அவருடைய முதல் பாடம் தேசிய கீதம். அது சிங்களத்தில் பிறந்தது, பின்னர் அதே மெட்டில் தமிழிலும் ஆக்கப்பட்டது, அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே அச்சாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சுருதிப் பெட்டியைத் திறப்பார்.

ஒரு சுதந்திர தினத்துக்கு முதல் நாள் பாடசாலை அதிபர் அவரைக் கூப்பிட்டார். அக்காவை அழைத்துப்போக வந்த நான் வாசலில் நின்றேன்.

"டீச்சர், நாளைக்கு சிங்களத்துல மட்டும் பாடட்டும். மேல சொல்லிட்டாங்க."

"மேலன்னா யாருங்க சார்?"

"மேலன்னா மேலதான்."

"கூரைக்கு மேல கொரங்குதான் சார் ஓடுது. எழுத்துல குடுங்க, நிப்பாட்டிடுறேன்."

எழுத்து வரவில்லை. மறுநாள் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் தமிழில் பாடினார்கள். மூன்றாம் வாரம் இடமாற்றக் கடிதம் வந்தது. ஹேவாஹெட்டைக்கு அப்பால் ஒரு மலைப் பாடசாலை, இரண்டு பஸ், ஒன்பது வருடம். அந்தக் குளிரில்தான் அவருக்கு மூச்சிரைப்புப் பிடித்தது.

நான் கல்வி அலுவலகம் தொடங்கி ஏழு கந்தோர்களில் விசாரித்தேன். அப்படியோர் உத்தரவைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. அந்தப் பாடசாலையின் பதினான்கு ஆசிரியர்களும் இல்லாத தாளுக்குப் பயந்து அக்காவைத் தனியே விட்டதுதான் எனக்கு இன்றும் அருவருப்பு.

காலம் மாறியது, தமிழிலும் பாடலாம் என்றார்கள். அதே அதிபர் பொன்னாடையுடன் மேடையேறி, தாமே காத்துவைத்ததுபோல் கீதத்தின் வரலாற்றை நாற்பது நிமிடம் பேசினார். அக்கா ஏழாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தாளு என் கருமாதிக்கு வருவாரு. டீ குடு. மைக்க மட்டும் குடுத்துடாத."

வந்தார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு மைக்குக்குக் கை நீட்டினார்.

"பேச்சு இல்லீங்க சார். பாட்டு மட்டுந்தான்."

அக்காவிடம் படித்த பதினொரு பேர் தமிழில் பாடினார்கள். அனைவரும் எழுந்து நின்றோம். நான் அதிபர் பக்கத்தில் நின்று கவனித்தேன். முதலிரண்டு அடிகளுக்குப் பிறகு அவருக்கு வரிகள் தெரியவில்லை.

அந்தப் பதினொரு பேருக்கும், முறைவைத்து அக்காவுடன் இருந்த மருமக்கள் மூவருக்கும், பந்தலிட்ட அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அதிபரையும் சேர்க்கும்படி உறவினர் இருவர் கேட்டார்கள். சேர்க்கவில்லை.

— தம்பி