ராஜா அங்கியில் பாக்கெட்

என் நாத்தனாரை வீட்டில் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். தையல்காரி. எதைத் தைத்தாலும் அதில் பாக்கெட் வைப்பாள். பாவாடை, நைட்டி, கடைசியில் என் மாமனார் போர்வையிலும் ஒன்று.

"கை சும்மா தொங்குனா பாக்க சகிக்கல அண்ணி" என்பாள்.

அவளுக்குச் சினிமாவில் தைக்கிற வேலை கிடைத்தது. பழைய காலத்துக் கதை. ராஜா தன் குதிரையோடு கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசாமல் இருக்கிறார், ஊரே கூடிச் சமாதானம் பேசுகிறது. நானும் பார்த்தேன். குதிரை நன்றாக நடித்திருந்தது.

படம் முடியும் முன்பே டைரக்டர் அடுத்த படமும் உனக்குத்தான் என்றிருந்தார். அதை நம்பி இவள் தன் தையல் கடையைப் பக்கத்துத் தெருக்காரியிடம் விட்டுவிட்டாள். கெட்டிக்காரி!

படம் வந்த மறுநாள் பேப்பரில் விமர்சனம். "லாயத்து வாசலில் ராஜா பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு அழுகிறார். அந்தக் காலத்தில் ஏது பாக்கெட்? அடுத்து பஸ் டிக்கெட் எடுப்பாரா?"

கைப்பழக்கத்தில் ராஜா அங்கியிலும் வைத்துத் தைத்திருக்கிறாள். நடிகர் கையை விட்டிருக்கிறார். படம் எடுத்தபோது எல்லோரும் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

டைரக்டர் போனில் கத்தித் தீர்த்துவிட்டார். அடுத்த படத்துக்கு வேறு ஆளாம். ஊசி என் சமையலறையில் வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"கடையும் போச்சு, படமும் போச்சு அண்ணி."

"அழுறதுன்னா அழு. அப்படியே அந்த வெங்காயத்தையும் உரிச்சுக் குடு."

"உங்களுக்கு மனசே கிடையாதா?"

"இருக்கு. குழம்பு கொதிக்குது."

அடுத்த நாள் டிவியில் ஒரு பெரிய விமர்சகர் தாடியைத் தடவிக்கொண்டு பேசினார். துக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாத ராஜா அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறாராம். படத்தின் உயிரே அதுதானாம். அவ்வளவுதான், மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தியேட்டரில் கூட்டம். அந்த வாரமே டைரக்டர் பேட்டி கொடுத்தார்.

"அந்த பாக்கெட் ரெண்டு வருஷமா என் மனசுல இருந்துச்சு."

"அடப்பாவி! அதுக்குத்தானே என்னை அந்த வாங்கு வாங்குனாரு!" ஊசி சோபாவை விட்டு எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். குரலில் தேன். "அடுத்த படத்துல மந்திரி, சேவகன் எல்லாருக்கும் பாக்கெட் வேணும்மா. உன்னை விட்டா யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். "பேரு" என்று வாயசைத்தேன். முதல் படத்தில் குதிரை பெயர்கூட வந்தது, இவள் பெயர் வரவில்லை.

"திரையில என் பேரு வரணும் சார்."

"அதெல்லாம் பெரிய படத்துல பழக்கமில்லம்மா."

"அப்ப பரவால்ல சார். என் கடையைத் திருப்பிக் கேட்டா பக்கத்துத் தெருக்காரி குடுத்துருவா."

அந்தப் பக்கம் டைரக்டர் யாரிடமோ முணுமுணுத்தார். பிறகு, "சரி, போடுறேன்" என்றார். போனை வைத்ததும் அன்றைய வெங்காயத்தைக் கேட்காமலே உரித்துக் கொடுத்தாள்.

இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. அதே குதிரைதான் இதிலும். அதன் சேணத்திலும் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டாளாம். டைரக்டருக்கு இன்னும் தெரியாது.