எண்ணி முடிக்காமல் மூடுவதில்லை

“பதினேழு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சிஸ்டர் அந்தத் திருகாணியைத் தட்டில் வைத்தார். வைப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மற்ற பதினாறும் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கின்றனவோ, இதுவும் அந்தப் பக்கம்தான் தலை வைத்தாக வேண்டும். தட்டில் விரித்திருக்கும் பச்சைத் துணி, வெளுத்துப்போய் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்டது. முன்வாசல் ஓரமாக, சக்கரங்களைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்கூட்டருக்கு வயது முப்பத்தொன்று. அதைப் பிரித்துக்கொண்டிருக்கும் சிஸ்டருக்கு ஐம்பத்திரண்டு.

இருபத்தாறு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். கத்தி, கத்தரி, ரத்தம் ஒற்றும் துணி என்று நோயாளியின் வயிற்றுக்குள் போனதெல்லாம் திரும்ப வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. ஒருமுறை ஒரு துண்டுத் துணி குறைந்தது. பெரிய டாக்டர் தையல் போட ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். “கணக்கு சேரல டாக்டர். மூடக் கூடாது” என்று சிஸ்டர் குறுக்கே கையை நீட்டிவிட்டார். இருபது நிமிடம் அத்தனை பேரும் தேடினார்கள். கடைசியில் அது டாக்டரின் செருப்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க அவர் உர்ரென்று இருந்தார். மறுநாளிலிருந்து சிஸ்டர் “சரி” என்று தலையாட்டாமல் டாக்டர் ஊசியைத் தொடுவதில்லை.

பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. மாடிப்படி, துணிக் கிளிப், கழுவி வைத்த கரண்டி எல்லாம் எண்ணிக்கையில் இருக்கும். “என்னை எண்ணிட்டியா?” என்று முன்பெல்லாம் கணவர் சீண்டுவார். “நீங்க ஒண்ணே ஒண்ணுதானே. அதுல என்ன கஷ்டம்?” என்பார் சிஸ்டர்.

கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவச் சொன்னாலும் சீவிக்கொடுத்த கை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கை சும்மா இருக்கும்போது தானாக ஆடத் தொடங்கியது. நரம்பு டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், லேத் பக்கம் போக வேண்டாம் என்றார். அதன் பிறகு மனிதர் வாசலுக்கே வருவதில்லை. அரைக் கோப்பை டீதான் குடிப்பார். முழுக் கோப்பை என்றால் சட்டையில் கொட்டும். மாடி வீட்டுக்காரர் குரல் கேட்டாலே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்தபோது பழைய இரும்பு எடுப்பவர் வாசலில் நின்று ஸ்கூட்டரை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். வரச்சொன்னது கணவர்.

“ஓட்ட ஆளில்ல. எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கணும்?” என்றார் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

“நான் ஓட்டப்போறேன்” என்றார் சிஸ்டர்.

அப்படிச் சொல்லப்போகிறோம் என்று சிஸ்டருக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடம் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனதோடு சரி. கைப்பிடியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை விழுங்கும் ஆள் இல்லை அவர். இரும்புக்காரரை வந்த வழியே அனுப்பிவிட்டு, அடுத்த நாளே, துருப்பிடித்த வண்டிக்குப் புது நிறம் அடிக்கக் கேட்டுப் பெயின்டரைப் போய்ப் பார்த்தார்.

“எல்லாத்தையும் கழட்டி வெறுங்கூடா கொண்டு வாங்கம்மா. மேலாப்புல அடிச்சா ஆறு மாசத்துல உரிஞ்சிடும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க” என்றார் பெயின்டர்.

தெருமுனையில் மெக்கானிக் இருக்கிறார். அரை நாளில் பிரித்துப் போட்டிருப்பார். சிஸ்டர் அவரைக் கூப்பிடவில்லை. வாரம் ஒரு நாள் கிடைக்கும் லீவில், தியேட்டரில் போட்டுக் கழித்த கவுனை மாட்டிக்கொண்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தெரிந்ததையும் தெரியாததையும் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

“என்னங்க, சீட்டுக்கு அடியில ரெண்டு போல்ட்டு இருக்கு. எதை முதல்ல?”

 “எதையும் முதல்ல கழட்டாத. பெட்ரோலை வடி” என்றது ஜன்னல்.

இரண்டாவது வாரம் ஜன்னலுக்குக் காது முளைத்துவிட்டது. சிஸ்டர் ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும். “அது திரும்புற சத்தம் இல்ல. வழுக்குற சத்தம். விடு, முனை மழுங்கிடும். மண்ணெண்ணெய் ஊத்திட்டு நாளைக்குப் பாரு.” அவர் சொன்னபடியே மறுநாள் டியூட்டி முடிந்து வந்து திருப்பியதும் அந்த நட்டு சமர்த்தாகக் கழன்று வந்தது. பக்கக் கதவுகள், முன்விளக்கு, கிக்கர், கேபிள்கள் என்று ஒவ்வொன்றும் எண் எழுதிய பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தட்டுக்கு வந்தன. வெளியூரிலிருந்து போனில் பேசிய மகள், “அம்மா, திரும்ப மாட்டத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டாள். “மாட்டுறது உங்கப்பா பொறுப்பு” என்று சிஸ்டர் சத்தமாகச் சொன்னார். ஜன்னல் கனைத்துக்கொண்டது.

கடைசியில் மிஞ்சியது முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கு. அதைப் பிடித்திருக்கும் வளையம் உளி வைத்துத் தட்டித்தான் திரும்பும். சிஸ்டர் இரண்டு வாரம் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, லீவும் கிடைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தார். வாசலில், பட்டப்பகலில், கணவர் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, சுவருக்கும் பூந்தொட்டிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். போர்க்கு தனியாகக் கழன்று கிடந்தது. பக்கத்தில் உளியும் சுத்தியலும்.

 விழுந்துவிட்டாரோ என்று சிஸ்டர் ஓடினார்.

“விழல. குண்டு கொட்டிடுச்சு” என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். போர்க்கின் கழுத்தில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதில் மிளகளவு இரும்புக் குண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். போர்க்கு சட்டென்று இறங்கியதும் அவை வாசல் முழுக்கத் தெறித்துவிட்டன.

“எத்தனை?” என்றார் சிஸ்டர்.

“இருபத்தொண்ணு கெடச்சுது.”

“இருக்க வேண்டியது?”

“இருபத்திரண்டு.” அவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மாத்திரை நேரம் தாண்டிவிட்டது போலும், கை தொடையின் மேல் தாறுமாறாக ஆடியது. “சுத்தியல் பிடிச்சா ஆடலம்மா. சும்மா இருந்தாத்தான் ஆடுது. சரி, பண்ணிடலாம்னு பாத்தேன். நாலு மணி நேரம் ஆச்சு. கழண்டதும் பிடிக்க முடியல. நான்தான் தொலைச்சேன்.”

 சிஸ்டர் உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் வெள்ளைச் சீருடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கால்மிதியை உதறினார்கள். பூந்தொட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். துடைப்பத்தை எடுக்கப் போனவரை, “கூட்டாத, சாக்கடையில போயிடும்” என்று கணவர் தடுத்தார். மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, “என்ன சார் தேடுறீங்க?” என்று நின்றார்.

சிஸ்டர் கணவரைப் பார்த்தார். கை பைக்குள் போகவில்லை. “பால்ரஸ் குண்டு சார். பாத்து கால வைங்க” என்றார் அவர்.

கால் மணி நேரம் கழித்து சிஸ்டருக்கு ஒன்று தோன்றியது. போர்க்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கருத்துப்போன கிரீஸுக்குள் சுண்டு விரலை விட்டுச் சுற்றிவரத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. நெருடி எடுத்து, கவுன் இல்லாத குறைக்குச் சீருடையிலேயே துடைத்து நீட்டினார்.

“இது கீழ விழவே இல்லீங்க. கிரீஸுல ஒட்டிக்கிட்டு இங்கேயே இருந்திருக்கு.”

கணவர் நம்பவில்லை. “எல்லாத்தையும் திரும்ப எண்ணு” என்றார். சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எண்ண, அவரும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். பதினைந்துக்கு மேல் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. இருபத்திரண்டு வந்ததும் நிறுத்தினார்.

“அப்ப நான் தொலைக்கல.”

“இல்ல.”

“டீ போடட்டா?” என்று கேட்டார் கணவர், ரொம்ப நாளைக்குப் பிறகு.

சனிக்கிழமை காலை பெயின்டர் கடைக்குப் போக சரக்கு ஆட்டோ வந்தது. தெருவில் நல்ல நடமாட்டம். வெறுங்கூடாக நின்ற ஸ்கூட்டரின் ஒரு முனையை சிஸ்டர் பிடித்தார். மறுமுனையைக் கணவர் பிடித்தார். தூக்கியதும் தகரம் கடகடவென்று நடுங்கியது. நாலடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார்கள். ஆட்டோ டிரைவர், “விடுங்க சார், நான் பிடிக்கிறேன்” என்று சிஸ்டர் பக்கமாக ஓடிவந்து, அவரைத் தாண்டிக் கணவர் பக்கம் கையை நீட்டினார். சிஸ்டர் தன் முனையை விடாமல் முழங்கையை மட்டும் மடக்கி, டிரைவர் நெஞ்சில் வைத்து மெல்லத் தள்ளி நிறுத்தினார்.