அக்குறணைக்கு வந்த முருகைக்கல்

அக்குறணையில் மாத்தளை வீதியோரம் ஸுலைஹாவின் சுண்ணாம்புக் கடை இருந்தது. கணவர் ஹலீம் எழுபத்தெட்டாம் ஆண்டில் மாரடைப்பால் போனபோது கடையை விற்றுவிடச் சொன்னவர்களே அதிகம். விதவைக்குரிய இத்தா காலத்தை இருந்து முடித்ததும் அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

சுண்ணாம்பு தெற்கே காலி நகரப் பக்கத்துக் கரையோரச் சூளைகளிலிருந்து வந்தது. லொறிக்காரர் முஹைதீன் கொண்டுவந்து இறக்குவார். தெல்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு வெள்ளையடிக்க மூட்டை மூட்டையாகப் போகும். கண்டியில் வெற்றிலை விற்பவர்களும் இங்கேதான் வாங்கினார்கள். மூட்டைக்குள் சில சமயம் சரியாக வேகாத பவளப்பாறைத் துண்டுகள் கிடக்கும். ஸுலைஹா அவற்றைப் பின்வளவில் பிரித்துப் போட்டு வைப்பார்: பூப்போட்டது ஒரு குவியல், மூளை போல மடிந்தது ஒரு குவியல், மான்கொம்பு ஒன்று, தட்டு ஒன்று. முருகைக்கல் என்று பெயர் தெரியும். அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை.

மகள் றமீலா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கப் போனாள். முதல் விடுமுறைக்கு வந்தவள் பின்வளவில் குந்தியிருந்து அந்தக் குவியல்களைக் கலைத்து அடுக்கத் தொடங்கினாள்.

"என்ன மகள் செய்ற? அடுக்கினதையெல்லாம் குழப்பிப் போட்டாய்."

"உம்மா, இது வெறும் கல்லில்ல. இந்த ஒவ்வொரு குழிக்குள்ளயும் ஒரு சின்னப் பிராணி இருந்தீக்கு. குழிச் சுவரு ஆறாறாத்தான் பிரியும், பாருங்கோ." அவள் மான்கொம்பையும் தட்டையும் ஒன்றாக வைத்தாள். "இது ரெண்டும் ஒரே குடும்பம். அலை அடிக்கிற எடத்துல ஒரு மாதிரி வளரும், அமைதியான எடத்துல வேற மாதிரி. உருவத்தப் பாத்துப் பிரிக்க ஏலாது." இன்னொரு கொம்பை எடுத்து வெளியே வைத்தாள். "இதுல ஊசிக்குத்து மாதிரித்தான் ஓட்டை ஈக்கு. இது இந்தக் கூட்டமே இல்ல. ஜெலிமீனுக்குக் கிட்டின சொந்தம்."

ஸுலைஹாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அடுத்த வருடம் அவள் தென்கரைக்குக் களப்பயணம் போய்வந்தபோது வேடிக்கை போய்விட்டது. வந்த அன்று சோற்றில் கைவைக்காமலே சொன்னாள்.

"கடலுக்குள்ள உசுரோட ஈக்கிறதத்தான் அலவாங்குக் கம்பியால குத்தி ஒடச்சி எடுக்கிறாங்க உம்மா. பாறை போனதால அலை நேரா கரைக்கு வருது. தென்னையெல்லாம் சாஞ்சி கெடக்கு."

"எங்கடது கரையோர வயல்ல தோண்டின, எப்பவோ செத்த பழைய கல்லு. முஹைதீன் சொல்லித்தானே ஈக்கார்."

"அவரிட்டயே கேளுங்கோ."

முஹைதீன் ஸுலைஹாவை அக்கா முறையில் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார். கேட்டதும் லொறியின் பின்கதவைப் பார்த்தபடி பதில் சொன்னார்: "வயல் கல்லு குறைஞ்சி போச்சு தாத்தா. இப்ப ரெண்டும் கலந்துதான் வருது."

"அப்ப நானும் வாறேன். பாக்கணும்."

உறவுக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அவர் லொறியில் போனார். சூளைக்குப் பக்கத்தில் அப்போதுதான் கரைசேர்ந்த குவியல் ஈரத்தோடு கிடந்தது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தார். தவிட்டு நிறமும் பச்சையுமாக இருந்தது. தொட்டுப் பார்த்தார். வழவழவென்று ஏதோ விரலில் ஒட்டியது. மீன் வாடை அடித்தது. கல் சுமந்துகொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி, தன் வீட்டில் சமைக்கும் குசினியைப் போன மாரியில் கடல் கொண்டுபோய்விட்டது என்று கையால் காட்டினாள். இந்தக் கல்லை எடுப்பதால்தான் கடல் ஏறுகிறது என்று தெரியுமா என ஸுலைஹா முஹைதீன் மூலம் கேட்டார். தெரியும் என்றாள் அவள். வேறு வேலை இல்லை என்றும் சொன்னாள்.

அவளைக் குறைசொல்ல ஸுலைஹாவுக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று சரக்கு ஏற்ற வேண்டாம் என்றுவிட்டார். முஹைதீன் வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு திரும்பினார்.

பிறகு திகனைப் பக்கத்து மலைக்கல் சுண்ணாம்பை வாங்கி விற்றார். வெள்ளை போதாது என்று தோட்டத்துக் கங்காணிமார் முகம் சுளித்தார்கள். வெற்றிலைக்காரிகள் நாக்குப் பொத்துப்போகிறது என்று வேறு கடை பார்த்தார்கள். றமீலா மட்டும், இந்தக் கல் முருகைகள் உலகத்தில் வருமுன்பே உண்டானது என்றாள். பழைய காலத்து முருகைக் கூட்டங்கள் அடியோடு அழிந்து, ஒரு கோடி வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் இப்போதுள்ளவை தோன்றினவாம்.

"அப்ப இது ஒருத்தர்ட வீட்டையும் ஒடச்சி எடுத்ததில்ல" என்றார் ஸுலைஹா.

வியாபாரம் மெலிந்தது. டிஸ்டெம்பர் பூச்சும் தூரிகையும் வாங்கிப் போட்டுச் சமாளித்தார். சில வருடங்களில் சட்டமும் இறுகி, கடல் கல் வருவது நின்றது.

தொண்ணூற்றெட்டில், கடல் ஆய்வு வேலையில் இருந்த றமீலா தெற்கிலிருந்து போன் எடுத்தாள். கடல் சூடேறிப் பாறை முழுக்க வெளுத்துவிட்டது என்றாள். முருகையின் உடம்புக்குள் இருந்து சாப்பாடு செய்து கொடுக்கும் நுண்பாசி சூட்டில் வெளியேறிவிடும், அது போனால் முருகை பட்டினியில் சாகும் என்றாள்.

"நாங்க வாங்காம விட்டதும் வீணாப் போச்சா?"

"தெரியல்ல உம்மா" என்றாள்.

அன்று முழுக்க ஸுலைஹாவுக்குக் கோபம். யார்மேல் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கடையை நேரத்தோடு மூடிவிட்டார்.

நாலைந்து வருடம் கழித்து றமீலா அவரைத் தென்கரையிலுள்ள ஹிக்கடுவைக்குக் கூட்டிப்போய், அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏற்றினாள். செத்த பாறைதான் அதிகம் தெரிந்தது. உடைத்து அள்ளிய இடங்களில் நொறுங்கல்கள் அலையோடு உருண்டன. அங்கே எதுவும் ஒட்டவில்லை. உடைக்காமல் விட்ட பாறையில் மட்டும் உள்ளங்கை அளவில் தவிட்டு நிறப் புதுத் துளிர்கள் அங்கங்கே இருந்தன.

"முருகைக் குஞ்சுகள் மிதந்து வந்து பிடிக்கிறதுக்கு உறுதியான அடி வேணும்" என்றாள் றமீலா.

ஸுலைஹா குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் படகோட்டியிடம் கேட்டார். நீரோட்டம் இழுக்கிறது என்று அவன் படகைத் திருப்பினான். அவருக்குத் தலை சுற்றியது. கரையில் இறங்கி, நண்பகல் ளுஹர் தொழப் பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே என்று விசாரித்தார்.