ஆத்தா ராகம் எடுத்த சனிக்கிழமை

தேவமாதாவை நம்பியிருக்கும் அன்பானவர்களே, என்னைப் பெற்ற தாயே என்னைச் சோதனை போட வந்த சுங்கத்து ஆள் என்று நினைத்துக் கஞ்சிச் சட்டியை முந்தானையால் மூடினாள். "இதுல ஒண்ணும் இல்லைங்கய்யா. வெறும் கஞ்சிதான். போயிருங்க" என்று என்னையே கும்பிட்டாள். வெள்ளைச் சட்டையும் கையில் கரண்டியுமாக நின்ற நான் அழுதுவிட்டேன்.

இது ஐம்பத்தெட்டாம் வருஷம், வாடைக்காற்று தொடங்கிய சமயம். எங்கள் ஊர், தீவில் உள்ள தங்கச்சிமடம். அப்பாவைக் கடல் கொண்டுபோனபின் கருவாடு விற்று என்னைப் படிக்கவைத்தவள் ஆத்தா. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். தீவிலேயே வாத்தியார் வேலையும் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. முதலில் ஆத்தா அடுப்பில் உலை வைத்ததை மறந்தாள். பிறகு அப்பா கரைக்கு வரும் நேரமென்று ஓலைப்பெட்டியோடு கடற்கரையில் போய் நின்றாள். கடைசியில் என்னை மறந்தாள்.

ராமநாதபுரத்து டாக்டர், "மூளை தேயிற சீக்குத் தம்பி. இதுக்கு மருந்து இல்ல. சாப்பாட்டை மட்டும் விட்றாதீங்க" என்றார். அதுதான் முடியவில்லை. அக்கா ரோசம்மா ஊட்டினால் சாப்பிடுவாள். அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய், காய்ச்சல் கண்டு அங்கேயே படுத்துவிட்டாள். அதன்பிறகு யார் கொடுத்தாலும் ஆத்தா வாய் திறக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே போனால் அவளை இழந்துவிடுவேன் என்று தெரிந்தது.

"நான் யாருன்னு கேட்டுக் கேட்டுப் பாக்குறேன்க்கா, சொல்ல மாட்டேங்குறா" என்று ஆஸ்பத்திரியில் அக்காவிடம் புலம்பினேன்.

"ஏன்டா, அவ என்ன உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? தெரிஞ்சா சொல்ல மாட்டாளா? நீ கேக்கக் கேக்கப் பயந்துல்ல போவா" என்றாள்.

கோவிலில் மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். "தாயே, என்னை அவளுக்கு அடையாளம் காட்டும். மகன் என்று தெரிந்தால் சாப்பிடுவாள்." தினமும் இதே மன்றாட்டு. தினமும் கஞ்சி ஆறிப்போனது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செபமாலை சொல்வது எங்கள் தெரு வழக்கம். அந்த வாரம் எங்கள் முறை. வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டுச் சூசை மாமா விடவில்லை.

"மாதா வாரேங்குது, நீ கதவச் சாத்துவியா மாப்ள? தொற."

மாமா நல்ல படகுக்காரர். பாட்டுதான் வராது. முன்பெல்லாம் செபமாலை முடிவில் வரும் மாதா பிரார்த்தனையை ராகத்தோடு எடுத்துக் கொடுப்பவள் ஆத்தாதான். அன்று மாமா எடுத்தார். மூன்றாவது வரிக்குள் ராகம் கரையேறத் தெரியாமல் தத்தளித்தது.

மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆத்தா திரும்பினாள்.

"ஏலே சூசை! மாதாவுக்குக் காது வலிக்கப்போகுதுலே. நிப்பாட்டு."

அவளே எடுத்தாள். மாதாவின் பட்டங்கள் ஒவ்வொன்றாக, ஒன்றும் பிசகாமல் வந்தன. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் பதில் சொன்னோம். "அவகிட்ட வசவு வாங்கி எத்தன மாசமாச்சு மாப்ள!" என்று மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் மத்தியானம், சுங்கத்து ஆள் மாதிரி காட்டிய அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் துண்டோடு ஆத்தாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நான் யார் என்று கேட்கவில்லை. முதல் வரியை ராகத்தோடு எடுத்தேன். அவள் பதில் பாடினாள். பாடி முடித்த வாயில் ஒரு கரண்டி கஞ்சி வைத்தேன். விழுங்கினாள். அடுத்த வரி எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். சட்டி காலியாயிற்று.

செபத்தின் நடுவே ஊட்டுவது பாவமோ என்று உறுத்தியது. பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். "பிள்ளைக்குப் பால் குடுத்தவங்கதான தேவமாதா? அவங்களுக்கா இது புரியாது? போய் ஊட்டு" என்று சிரித்தார்.

அதன்பின் குளிப்பாட்டவும் தலைசீவவும் பாட்டுத்தான். பேர், முகம், நாள் எல்லாம் மேலே மிதந்தவை. அவை அடித்துக்கொண்டு போய்விட்டன. ராகம் மட்டும் நங்கூரம்போல் அடியில் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் எங்களோடு இருந்தாள். அக்காவும் குணமாகி வந்தாள். ஊட்டும் வேலையை மட்டும் நான் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் கேட்டது ஒன்று, மாதா தந்தது வேறொன்று. ஆத்தா கடைசிவரை என் பேரைச் சொல்லவில்லை. ஆனாலும் என் தாயைப் பட்டினியில் விடாமல் காத்த மாதாவுக்கு ஆயுசுள்ளவரை நன்றி சொல்வேன். உங்கள் வீட்டில் இப்படி மறந்துபோனவர்கள் இருந்தால், அவர்களைக் கேள்வி கேட்காதீர்கள். எதிரே உட்கார்ந்து, அவர்கள் பாடியதைப் பாடுங்கள். மாதாவிடம் நம்பிக் கேளுங்கள், வேறு வழியாக வந்தாலும் உதவி வரும்.

ஒருநாள் கஞ்சி குடித்து முடித்ததும், முன்பு என்னைக் கும்பிட்டு விரட்டிய அதே கையால் ஆத்தா என் கன்னத்தைத் தடவினாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லாப் பாடுற அய்யா. உன்னப் பெத்தவ குடுத்து வச்சவ."

"ஆமா ஆத்தா" என்றேன்.