பேர் கேட்காத அடுப்பு

எல்லையோரக் கொபோக்கோ லாரி நிறுத்தத்தில் ஆயிக்கோருவிடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அங்கே மரவள்ளிக் களியும் அவரைக் குழம்பும் விற்றவள் அவள். எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு, தெற்கு சூடான்காரர்கள் மூட்டையும் பிள்ளையுமாக வந்து நின்ற அன்று, விற்க வைத்திருந்த களியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். “நாளைக்கு யாவாரத்துக்கு என்னடி பண்ணுவே?” என்றாள் பக்கத்துக் கடைக்காரி. “உன் பானையையும் கொண்டா, சேர்ந்தே பட்டினி கிடப்போம்.” திட்டிக்கொண்டே அவளும் கொண்டுவந்தாள். அகதிகளுக்குச் சோறு போடும் எங்கள் சங்கம் பிறந்த கதை இவ்வளவுதான்.

அப்புறம் மளமளவென்று வளர்ந்தது. மாமரத்தடி போய்த் தகரக் கொட்டகை வந்தது. அதற்கொரு கேட், போர்டு, வெள்ளை ஜீப். பணம் கொடுப்பவர்கள் அனுப்பி, தலைநகர் கம்பாலாவிலிருந்து கிசிட்டோ என்று ஒரு மேலாளரும் வந்து சேர்ந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் எதையும் எழுதிவைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. “கேட்டிலேயே பேரும் குலமும் சொல்லணும், அப்புறம்தான் சாப்பாடு” என்று உத்தரவு போட்டான்.

எங்கள் பக்கத்தில், வந்தவர் வயிறு நிறையும் முன்னால் பேரைக் கேட்பது முகத்தில் துப்புகிற மாதிரி. இவன் குலத்தையும் சேர்த்துக் கேட்கிறான்! சண்டையில் துப்பாக்கிக்காரர்கள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தானே வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்திருந்தார்கள்?

முதல் நாளே வினை வந்தது. இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்தி, காவல்காரன் குலத்தைக் கேட்டதும் திரும்பி எல்லையைப் பார்த்து நடந்தாள். ஆயிக்கோரு அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கையோடு இழுத்து வந்தாள்.

“அக்கா, பேர் இல்லாம தட்டு போட முடியாது. மேல நான் பதில் சொல்லணும்” என்றான் கிசிட்டோ.

“மேல என்னவோ சொல்லிக்க தம்பி. இந்தப் புள்ள செத்தா எனக்கு என்ன பதில் சொல்லுவே?”

“பண்டகசாலையைப் பூட்டிடுவேன்.”

“பூட்டு! எலியாவது திங்காம இருக்கும்.”

பூட்டியேவிட்டான், படுபாவி. அவள் பானைகளை வெளியே தூக்கிவந்து ரோட்டோரத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். சமையல்காரிகள் ஒருத்தி விடாமல் பின்னாலேயே வந்தார்கள். சந்தைப் பெண்கள் மாவு கொண்டுவந்து கொட்டினார்கள்.

“உங்களை வேலையை விட்டே தூக்க வேண்டியிருக்கும்க்கா.”

“என் பானையைத் தூக்கவே நாலு ஆளு வேணும். இவரு என்னைத் தூக்கப் போறாராம்!” ரோடே சிரித்தது.

அந்தப் பெண் தினமும் அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். பேரையோ குலத்தையோ யாரும் கேட்கவில்லை. பிள்ளை தேறியது. ஒரு நாள் மத்தியானம் பிள்ளையை ஆயிக்கோரு மடியில் போட்டுவிட்டு, நேரே கிசிட்டோவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என் பேரு ஜோகுது. குலமும் சொல்றேன், எழுதிக்க. எம் புருஷனைக் கொன்னவங்க யாருன்னும் தெரியும். அதையும் எழுது.”

அவன் திகைத்துப்போனான். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“அன்னிக்கு நீ கேட்டே. அந்த அடுப்போரம் யாரும் கேக்கல. அதான் சொல்ல வாய் வந்துச்சு.”

கிசிட்டோ எழுதி முடித்து, தானே எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தான். “உள்ள வாங்கக்கா” என்றான்.

“நான் வரல. மாவை வெளிய அனுப்பு.”

இன்று எல்லை நெடுகச் சங்கத்துக்கு ஒன்பது அடுப்புகள். ஒன்றுக்கும் கேட் கிடையாது.